ரயிலில் ஏறி, படகில் இறங்கி: ரைன், மோசெல், லான்

செவ்வாய், பாக்கராக்

ஜெர்மனியில் மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே ரைன் நதியின் மேல் ஒரு பாலம்கூட இல்லை. பிங்கன் பக்கத்தில் ஒரு ரயில் பாலம் இருந்தது. 1945-ல் போரின் கடைசி மாதங்களில் அது தகர்ந்தது. தூண்களின் மிச்சம் இன்னும் நிற்கிறது. அதற்குப் பிறகு யாரும் புதிதாகக் கட்டவில்லை. ஆகவே இந்தப் பள்ளத்தாக்கில் அக்கரைக்குப் போக வேண்டுமானால் எவ்வளவு விலை உயர்ந்த கார் வைத்திருப்பவரும் ஃபெரிக்குக் காத்துத்தான் நிற்க வேண்டும். எங்களைப் போல பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருபவர்கள் முதலில் ஏறிவிடலாம்.

நான் ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கிறேன். இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே குடிவந்து ஆறு மாதம் வரைக்கும்தான் செல்லும். அதன் பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு எல்லாம் முதலிலிருந்து. நான் அந்தப் பக்கமே போகவில்லை. கோடைக்கு என்னுடன் வந்து தங்கியிருக்கும் அப்பா, திருச்சிக் கோட்டத்தில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மலைப்பாதையில் கார் என்றாலே தலைசுற்றும். ரயிலும் படகும் என்றதும் மறுபேச்சு இல்லை.

டிக்கெட் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருவரிடமும் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது; 2025-ல் மாதம் 58 யூரோ. நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களிலும் பஸ்களிலும் டிராம்களிலும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. இது சந்தா முறை. மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள். இன்று ஜூன் 10. வீட்டைப் பூட்டுவதற்கு முன் அப்பாவுடையதை ரத்து செய்துவிட்டேன். மாதக் கடைசி வரை செல்லும், அது போதும்.

ரைனின் இரண்டு கரைகளிலும் ரயில் பாதை உண்டு. மைன்ஸிலிருந்து நாங்கள் ஏறியது இடது கரை வண்டி. கோப்லென்ஸ் நோக்கிப் போகும்போது வலது பக்க ஜன்னல்தான் வேண்டும், நதி அந்தப் பக்கம். பிங்கன் வரை சாதாரண சமவெளி. பிங்கனைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்து நதியை ஒடுக்குகிறது. நடு ஆற்றில் மஞ்சள் நிறத்தில் ஒரு கோபுரம், எலிக் கோபுரம் என்கிறார்கள். பஞ்சத்தில் ஏழைகளைக் கொட்டகையில் அடைத்து எரித்த பேராயரை எலிகள் இங்கே துரத்தி வந்து தின்றன என்று கதை.

அப்பா கதையில் கவனம் வைக்கவில்லை. பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொடி காட்ட ஆளே இல்லியேம்மா. கதவையும் அவனே மூடிக்கிறான், வண்டியையும் அவனே எடுக்கிறான்." ஜெர்மன் ரயில் என்றால் நொடி பிசகாது என்று வேறு அவர் நம்பிக்கொண்டிருந்தார். 2024-ஆம் ஆண்டு இந்த நாட்டின் தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான், அதுவும் ஆறு நிமிடத்துக்குள் தாமதமானால் 'நேரத்துக்கு வந்தது' என்றே கணக்கு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "நம்மாளுங்க பரவால்ல" என்றார்.

பாக்கராக் சின்ன ஊர். பழைய மதில், காவல் கோபுரங்கள், மரச்சட்ட வீடுகள், மேலே மலையில் ஷ்டாலெக் கோட்டை. கோட்டை இப்போது இளைஞர் விடுதி. குறைந்த செலவில் தங்கலாம், ஆனால் பெட்டியோடு அந்தப் படிகளில் ஏற அப்பாவின் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. கீழே ஊருக்குள்ளேயே அறை எடுத்தோம்.

கோட்டைக்கு ஏறும் வழியில், கூரையில்லாமல் செந்நிறக் கல் சாளரங்கள் மட்டும் நிற்கும் ஒரு தேவாலயம் இருக்கிறது. எல்லாரும் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். இது வெர்னர் என்ற சிறுவனின் பெயரால் எழுந்தது. 1287-ல் அவன் இறந்து கிடந்தபோது, யூதர்கள் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று பொய்ப்பழி கிளம்பி, இந்த வட்டாரத்து யூதக் குடும்பங்கள் பல கொல்லப்பட்டன. செத்த பையனைப் புனிதராக்கி, யாத்திரை வருபவர்கள் காணிக்கையில் இந்தக் கோயிலைக் கட்டினார்கள். ட்ரியர் மறைமாவட்டம் 1963-ல்தான் அவன் பெயரைத் தன் திருநாள் பட்டியலிலிருந்து நீக்கியது. யூதர்களிடம் மன்னிப்புக் கோரும் ஒரு பிரார்த்தனை இப்போது அங்கே பலகையில் இருக்கிறது. அழகான சாளரத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், அதையும் படியுங்கள்.

இரவு. ரயில் பாதை ஊருக்கும் நதிக்கும் நடுவே போகிறது. அக்கரையிலும் பாதை. சரக்கு வண்டிகள் ஓய்வதே இல்லை. அதிக சத்தம் போடும் பழைய சரக்குப் பெட்டிகளை 2020 டிசம்பரிலிருந்து தடை செய்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் இங்கே எப்படித் தூங்கினார்களோ. அப்பா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பெட்டிகளை எண்ணுகிறார்.

புதன், சாங்க்ட் கோவார்

ரைனில் படகுப் பயணத்துக்கு ஒரே ஒரு விதி போதும்: நீரோட்டத்தோடு போங்கள். பாக்கராக்கிலிருந்து சாங்க்ட் கோவார் வரை கீழ்நோக்கி முக்கால் மணி நேரம் போல ஆகும். அதே தூரம் மேல்நோக்கி வர ஒரு மணி நேரத்துக்கு மேல். இந்தப் பகுதியில் அணையோ, கப்பலை ஏற்றி இறக்கும் மதகோ இல்லாததுதான் காரணம். பிரெஞ்சு எல்லைப் பக்கம் இஃபெட்ஸ்ஹைமில் கடைசி மதகு. அதற்குக் கீழே நெதர்லாந்து வரை ரைன் தன் வேகத்தில் ஓடுகிறது. மேலே ரயிலில் போய், கீழே படகில் வருவது என்று வைத்துக்கொண்டால் நேரமும் மிச்சம், பணமும் மிச்சம். படகு டிக்கெட் தனி, டாய்ச்லாண்ட் டிக்கெட் அதில் செல்லாது.

1826-லிருந்து படகு விட்டுக்கொண்டிருக்கும் கே.டி. நிறுவனத்தின் கப்பல்தான் நாங்கள் ஏறியது. மேல்தளத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. கையில் எலுமிச்சை சாதம்.

சில நிமிடத்திலேயே நடு ஆற்றில் ஃபால்ஸ்கிராஃபென்ஷ்டைன். வெள்ளைச் சுவரும் கூரான கோபுரமுமாக, கப்பலே கல்லாகிப் போய் நிற்கிறதோ என்று தோன்றும். 1327 வாக்கில் பவேரியாவின் லூட்விக் சுங்கம் வசூலிக்கக் கட்டியது. எதிரே கவுப் ஊரில் ஒரு கோட்டை, நடுவில் இது. பணம் கட்டாமல் எந்தப் படகும் தாண்ட முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகும் வசூல் நடந்தது. 1813-ஆம் ஆண்டின் கடைசி இரவில் பிரஷ்யத் தளபதி ப்ளூஷர், நெப்போலியனைத் துரத்திக்கொண்டு இங்கேதான் மிதவைப் பாலம் போட்டுப் படையைக் கடத்தினார்.

எனக்கு அந்தக் கோட்டையைவிட, எதிர்க்கரையில் இருக்கும் கவுப் நீர்மட்ட அளவுகோல்தான் முக்கியம். நமக்கு மேட்டூர் நீர்மட்டம் எப்படியோ, அப்படி இங்கே கவுப். செய்திகளில் தினமும் வரும். நடு ரைனில் ஆழம் குறைந்த இடம் இது; இங்கே எவ்வளவு தண்ணீரோ அவ்வளவுதான் கப்பலில் சரக்கு ஏற்ற முடியும். 2018 அக்டோபரில் அளவு 25 சென்டிமீட்டர் வரை இறங்கியது. மேலே ரசாயனத் தொழிற்சாலைகளுக்கும் பெட்ரோல் பங்குகளுக்கும் சரக்கு வராமல் திண்டாட்டமாகிவிட்டது.

"இருபத்தஞ்சு சென்டிமீட்டர்ல கப்பல் எப்படிம்மா போகும்?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் தரையில் இல்லை. கப்பல் போகும் தடத்தில் ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் அதிகம். ஆக அன்றைக்கும் போயின, கால்வாசி சுமை மாதிரி கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு.

ஓபர்வேசலைத் தாண்டியதும் நதி வளைந்து குறுகுகிறது. அடுத்த வளைவில் லோரெலை. 132 மீட்டர் உயரப் பாறை, அவ்வளவுதான். 1801-ல் பிரென்டானோ எழுதிய கதைப்பாட்டில்தான் லோரெலை என்ற பெண் பிறந்தாள். 1824-ல் ஹைனே எழுதிய கவிதை அவளை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பாறை மேல் உட்கார்ந்து தலை வாருகிறாள், அவள் பாட்டில் மயங்கிப் படகோட்டி மூழ்குகிறான். கப்பல் ஒலிபெருக்கியில் அந்தக் கவிதையின் பாட்டைப் போட்டார்கள், பக்கத்து மேசை முதியவர்கள் கூடவே பாடினார்கள். முழுப்பாட்டும் அவர்களுக்கு மனப்பாடம்.

அப்பா எழுந்து நின்று பார்த்தது வேறு ஒன்றை. கரையில் விளக்குப் பலகைகள். இந்த வளைவுகளில் எதிரே வரும் கப்பல் கண்ணுக்குத் தெரியாது. மேலிருந்து கீழே வரும் கப்பலுக்கு நிற்பது கஷ்டம், நீரோட்டம் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அதனால் ஓபர்வேசலுக்கும் சாங்க்ட் கோவாருக்கும் இடையே ஆற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் கப்பல் இறங்கி வருகிறது, அது எவ்வளவு நீளம் என்று ஏறி வருபவருக்கு விளக்கால் காட்டுகிறார்கள். கட்டுப்பாட்டு அறை ஓபர்வேசலில் இருக்கிறது. "பிளாக் சிக்னல்!" என்றார் அப்பா, ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. பாறை ஆபத்து வெறும் கதை இல்லை. 2011 ஜனவரியில் கந்தக அமிலம் ஏற்றி வந்த 'வால்ட்ஹோஃப்' என்ற டேங்கர் இங்கே கவிழ்ந்து இருவர் இறந்தார்கள். வாரக்கணக்கில் போக்குவரத்து நின்றது.

பிற்பகலில் ரைன்ஃபெல்ஸ் கோட்டை இடிபாடு. 1692-ல் பதினான்காம் லூயியின் பெரும்படைக்கே பணியாத கோட்டை, நூறு வருடம் கழித்துச் சண்டையே இல்லாமல் பிரெஞ்சுப் புரட்சிப் படையின் கைக்குப் போய், வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. உள்ளே சுரங்க வழிகள் உண்டு, டார்ச் எடுத்துப் போங்கள். சாயங்காலம் ஃபெரியில் அக்கரை போய் ஒரு காபி, திரும்ப இக்கரை. லோரெலை சிலைக்காக நடக்க வேண்டாம். 1983-ல் வைத்தது, வெயிலில் நிறைய தூரம்.

வியாழன், கோப்லென்ஸ்

பொப்பார்டில் சேர்லிஃப்ட். தொங்கும் நாற்காலியில் இருபது நிமிடம், காலுக்குக் கீழே மரங்கள். மேலே போனால் ரைன் ஒரு பெரிய வளைவாகத் திரும்புவது முழுதாகத் தெரிகிறது. இன்னொரு முனையிலிருந்து மலைகள் நடுவே மறைந்து மறைந்து நதி நான்கு தனித்தனி ஏரிகளாகத் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு இடத்துக்குக் காசு செலவழிக்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ரூடஸ்ஹைமின் நினைவுப்பொருள் கடைத் தெருவைவிட நூறு மடங்கு மேல்.

அங்கிருந்து ஃபெரியில் எதிரே ஃபில்சன். அந்தக் கரையில் செர்ரி மரங்கள், வீட்டு வாசலில் பெட்டியில் பழம், பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. ஆள் இல்லை. வலது கரை ரயிலில் பிரவுபாக் போய் மார்க்ஸ்புர்க் பார்த்தோம். நடு ரைன் மலைக்கோட்டைகளில் ஒருபோதும் அழிக்கப்படாதது இது ஒன்றுதான். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். சமையலறையும் குதிரை ஏறும் பாறைப்படியும் மனதில் நிற்கின்றன.

கோப்லென்ஸில் மோசெல் வந்து ரைனில் கலக்கிறது. அந்த முனையில் குதிரை மேல் ஒரு பேரரசர், ராட்சச அளவில். 1945-ல் சிதைந்ததை 1993-ல் மறுபடி செய்து வைத்திருக்கிறார்கள். செய்யாமல் விட்டிருக்கலாம். கலக்கும் தண்ணீரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் குதிரையின் காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வெள்ளி, கோகெம்

மோசெல் வேறு மாதிரி. ரைனுக்கு இருக்கும் அவசரம் இதற்கு இல்லை. காலை ரயிலில் இடது பக்கம் உட்கார்ந்தோம். நதி ஜன்னலுக்குக் கீழேயே, அசைவே இல்லாமல். மோசெல்கெர்னில் இறங்கி எல்ட்ஸ் கோட்டைக்கு நடை. ஓடை ஓரமாகக் காட்டுப்பாதை, ஐந்து கிலோமீட்டர் போல. பெரும்பாலும் சமதளம்; கடைசியில்தான் ஏற்றம். அப்பா நின்று நின்று வந்தார், நானும் அவசரப்படவில்லை.

காடு திறந்ததும் சட்டென்று எதிரே நிற்கிறது கோட்டை. காரில் வருபவர்கள் மேலே நிறுத்துமிடத்திலிருந்து இறங்கி வந்து அதன் தலையைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஓடை வழியாக வந்தால் அடியிலிருந்து பார்க்கலாம். ஒரே குடும்பத்தின் மூன்று கிளைகள் ஒரே முற்றத்தைச் சுற்றித் தனித்தனி வீடு கட்டிக்கொண்டு நூற்றாண்டுகள் வாழ்ந்திருக்கின்றன. "பாகப்பிரிவினை பண்ணிட்டு ஒரே வாசல்ல இருந்திருக்காங்க" என்றார் அப்பா. 800 வருடத்துக்கு மேலாக இன்றும் அதே குடும்பத்தின் சொத்து. பழைய 500 மார்க் நோட்டின் பின்பக்கம் இந்தக் கோட்டைதான். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

கோகெம் கோட்டை தூரத்திலிருந்து இன்னும் அழகு, ஆனால் அது 1689-ல் தகர்க்கப்பட்டு, பெர்லினைச் சேர்ந்த ரவெனே என்ற வியாபாரி 1868-க்குப் பிறகு தன் ரசனைக்குக் கட்டிக்கொண்டது. ஊரில் ஒரே கூட்டம். ராத்திரி சாப்பாடு உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த ரைபகூகன், தொட்டுக்கொள்ள ஆப்பிள் மசியல். சைவர்களுக்கு இந்தப் பக்கம் இதைவிட நம்பகமான சாப்பாடு இல்லை.

சனி, ட்ராபன்-ட்ரார்பாக்

கோகெமிலிருந்து பைல்ஷ்டைன் வரை படகு, மேல்நோக்கி. ரைனில் சொன்ன விதி இங்கே செல்லாது. மோசெல் இப்போது படிப்படியாகக் கட்டிய குளங்களின் வரிசை. பிரான்ஸ், ஜெர்மனி, லக்ஸம்பர்க் மூன்றும் 1956-ல் ஒப்பந்தம் போட்டு, 1964 மே மாதம் நதியைப் பெரிய கப்பல்களுக்குத் திறந்துவிட்டன. கோப்லென்ஸுக்கும் ட்ரியருக்கும் இடையே மட்டும் பத்து மதகுகள். ஆகவே மேலே போனாலும் கீழே போனாலும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான்.

வழியில் ஃபாங்கல் மதகு. படகு ஒரு நீளமான கான்கிரீட் தொட்டிக்குள் நுழைகிறது. பின்னால் கதவு மூடுகிறது, ஈரச் சுவர் இரண்டு பக்கமும் உயர்ந்து நிற்கிறது. அப்புறம் சத்தமில்லாமல் தண்ணீர் ஏறி, சுவர் தணிந்து, திராட்சைத் தோட்டங்கள் மறுபடி தெரிகின்றன. தொட்டியின் நீளம் 170 மீட்டர், அகலம் 12 மீட்டர்தான். நமக்கு முன்னால் ஒரு சரக்குக் கப்பல் வெளியே வந்தபோது சுவருக்கும் அதற்கும் நடுவே கை நுழையாத அளவு இடைவெளி. 2024 டிசம்பரில் கீழே ம்யூடன் மதகில் ஒரு சரக்குக் கப்பல் கதவிலேயே மோதிவிட்டது. மேலே இருந்த கப்பல்கள் எல்லாம் மாட்டிக்கொண்டன, புதுக்கதவு போட்டு முழுதாகத் திறக்க பிப்ரவரி ஆயிற்று. வேறு வழியே இல்லாத பாதை. "சிங்கிள் லைன்ல தடம் புரண்ட மாதிரி" என்பது அப்பாவின் தீர்ப்பு.

பைல்ஷ்டைனில் ரயில் இல்லை. ஒரு சதுக்கம், சில சந்துகள், மேலே இடிந்த கோட்டை, ஒரு மடாலயக் கோயில். ஒரு மணி நேரம் போதும், திரும்பும் படகைப் பிடித்தோம்.

மாலையில் கோகெமை விட்டுக் கிளம்பியதும் ரயில் கைசர் வில்ஹெல்ம் சுரங்கத்துக்குள் புகுந்துவிடுகிறது. 4,205 மீட்டர். 1879-ல் திறந்து, நூறு வருடத்துக்கு மேல் இந்த நாட்டின் மிக நீளமான ரயில் சுரங்கமாக இருந்தது. நதி இருபது கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு போகும் வளைவை ரயில் ஒரே கோட்டில் வெட்டிக்கொண்டு போகிறது. மதியம் படகில் ஆற அமர வந்தது அந்த வளைவுக்குள்தான் என்பதால் அப்பாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. வெளியே வந்ததும் எல்லரில் கால்மோன்ட் சரிவு. 65 டிகிரி சாய்வு வரை திராட்சை. அதற்கு மேல் சாய்ந்தால் சுவர். ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கர வண்டியை ஏற்றித்தான் ஆட்களும் கூடைகளும் மேலே போகிறார்கள். சிலேட்டுக் கல் பகலில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குத் திருப்பித் தருகிறது, அதனால்தான் இவ்வளவு வடக்கே ரீஸ்லிங் திராட்சை பழுக்கிறது.

புல்லையில் மாறி ட்ராபன்-ட்ரார்பாக் கிளை வண்டி. புல்லை பாலத்தில் மேலே ரயில், கீழே சாலை, 1878-ல் கட்டியது. அதைத் தாண்டியதும் பெரிய பாதை மலைச்சரிவில் 92 ஆர்ச்களின் மேல் போவது தெரிகிறது. சனிக்கிழமை என்பதால் பெட்டி முழுக்க சைக்கிள். வார இறுதியில் பெட்டி தூக்கிக்கொண்டு வருபவர்கள் முந்தைய நிறுத்தத்திலிருந்தே கதவோரம் நின்றுகொள்ளுங்கள்.

ஞாயிறு, ட்ரியர்

இங்கேதான் கார் இல்லாத கஷ்டம் உண்மையில் தெரிகிறது. பெரிய ரயில் பாதை மோசெலை விட்டு விலகி விட்லிக் வழியாகப் போய்விடுகிறது. இதற்கு மேலே நடு மோசெல் முழுக்க ரயில் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது, புல்லையிலிருந்து ட்ரியர் வரை கரையோரமாகவே ஒரு சின்ன ரயில். 1960-களில் மூடினார்கள். அதன் தடத்தில் இப்போது பல இடங்களில் சைக்கிள் பாதை. ஆகவே மிச்சம் பஸ்ஸும் படகும். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, நேரம் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

நாங்கள் ட்ராபன்-ட்ரார்பாக்கிலிருந்து பெர்ன்காஸ்டல் வரை படகில் போனோம், சுமார் இரண்டு மணி நேரம். ஊர்ட்ஸிக் அருகே தலைக்கு மேல் ஒரு பாலம் வந்தது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. ஹோக்மோசெல் பாலம், 1.7 கிலோமீட்டர் நீளம், 160 மீட்டர் வரை உயரம். திராட்சை விவசாயிகளும் ஒயின் எழுத்தாளர்களும் பல வருடம் எதிர்த்தும் 2019 நவம்பரில் திறந்துவிட்டார்கள். அதில் போகும் காருக்கு இந்தப் பள்ளத்தாக்கு ஒன்றரை நிமிடம்கூட இருக்காது. கீழே பாறையில் சூரியக் கடிகாரம், அதைச் சுற்றி உலகத்தின் விலை உயர்ந்த ரீஸ்லிங் தோட்டங்களில் சில.

பெர்ன்காஸ்டல் சதுக்கத்தை எல்லாரும் புகழ்வார்கள். நான் பாலம் தாண்டிக் கூஸ் பக்கம் போகச் சொல்வேன். இந்த ஊரில் ஒரு படகுக்காரரின் மகனாக 1401-ல் பிறந்த நிக்கோலாஸ், பின்னாளில் கர்தினால், தத்துவவாதி. பூமி பிரபஞ்சத்தின் மையம் இல்லை என்று கோப்பர்னிக்கஸுக்கு நூறு வருடம் முன்னாலேயே எழுதியவர். தன் சொத்தை வைத்து ஊரில் முதியோர் இல்லம் ஒன்று அமைத்தார். ஏசுவின் வயதுக்குச் சமமாக 33 பேருக்கு இடம். செலவுக்குத் திராட்சைத் தோட்டங்கள். ஐந்தரை நூற்றாண்டு ஆகியும் இல்லம் நடக்கிறது, தோட்டமும் நடக்கிறது. அவர் உடல் ரோமில், இதயம் மட்டும் இங்கே சிற்றாலயத் தரைக்குக் கீழே. முற்றத்தில் ஒரு பாட்டி கைத்தடியோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அப்பா கை கூப்பினார், அவரும் தலையசைத்தார்.

பஸ்ஸில் விட்லிக், அங்கிருந்து ரயிலில் ட்ரியர்.

திங்கள், மறுபடி கோப்லென்ஸ்

ட்ரியரைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். கறுத்துப் போன ரோமானிய வாயில், இரண்டாம் நூற்றாண்டுத் தூண்கள் மேல் இன்னும் பஸ் ஓடும் பாலம், கார்ல் மார்க்ஸ் பிறந்த வீடு. பாலம்தான் அப்பாவுக்குப் பிடித்தது.

அதைவிடப் பிடித்தது ரயில் நிலையம். லக்ஸம்பர்கிலிருந்து ஒரு வண்டி, மன்ஹைம் பக்கமிருந்து ஒரு வண்டி. இரண்டும் ட்ரியரில் ஒட்டிக்கொண்டு கோப்லென்ஸ் வரை ஒன்றாகப் போகின்றன. எதிர்த்திசையில் இங்கே பிரிகின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் எந்தப் பெட்டி என்று பார்த்து ஏறாவிட்டால் வேறு நாட்டில் இறங்க வேண்டிவரும். இரண்டு வண்டியும் முட்டிக்கொண்டு இணைவதைப் பார்க்க அப்பா பிளாட்பாரத்தின் கோடி வரை நடந்தார். கப்ளிங் போட ஆள் கீழே இறங்கவில்லை. டக் என்று ஒரு சத்தம், முடிந்தது.

செவ்வாய், வைல்புர்க்

லான் நதிக்கு யாரும் இவ்வளவு தூரத்திலிருந்து வருவதில்லை. கோப்லென்ஸில் ஏறினால் ரயில் சின்னப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து, நதியை மாற்றி மாற்றித் தாண்டிக்கொண்டு போகிறது. முதலில் பாட் எம்ஸ், வெந்நீர் ஊற்று ஊர். 1870-ல் இங்கே நடைபாதையில் பிரஷ்ய மன்னரைப் பிரெஞ்சுத் தூதர் வந்து சந்தித்ததைப் பற்றிய தந்தியைத்தான் பிஸ்மார்க் சுருக்கி வெளியிட்டார், போர் மூண்டது. அரை மணி நேரம் இறங்கி நடந்துவிட்டு அடுத்த வண்டி.

ரைன் தானாக ஓடுகிறது, மோசெலைக் கப்பலுக்காகக் கட்டிப்போட்டார்கள். லானையும் ஒரு காலத்தில் கட்டினார்கள், அப்புறம் அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது சரக்குக் கப்பல் கிடையாது, துடுப்புப் படகுகள்தான். ஒரு ஊரில் படகை வாடகைக்கு எடுத்து நீரோட்டத்தோடு துடுப்புப் போட்டு, அடுத்தடுத்த ஊரில் விட்டுவிட்டு, ரயிலில் திரும்பிவிடலாம். காரில் வந்தால் காரை எடுக்கத் திரும்பிப் போக வேண்டும்.

வைல்புர்கைச் சுற்றி நதி ஒரு முழு வளையம் போடுகிறது. அந்த வளையத்தின் கழுத்தில் மலையைக் குடைந்து கப்பலுக்கு ஒரு சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். 195 மீட்டர் நீளம், 1847-ல் திறந்தது, ஜெர்மனியில் இன்றும் படகு போகும் ஒரே கப்பல் சுரங்கம். இரும்புத் தாது ஏற்றிய படகுகளுக்காக வெட்டியது. பதினைந்து வருடத்தில் பக்கத்திலேயே ரயில் சுரங்கம் வந்துவிட்டது, தாது ரயிலுக்குப் போயிற்று. 2004-ல் அதற்குப் பக்கத்தில் சாலைச் சுரங்கம். மூன்றும் அடுத்தடுத்து.

சுரங்கத்தின் கீழ் வாயில் இரட்டை மதகு. ஊழியர் யாரும் இல்லை, படகில் வருபவர்களே சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் திறந்து மூடிக்கொள்ள வேண்டும். கரையில் செய்முறைப் பலகை இருக்கிறது. நாங்கள் போனபோது ஒரு பள்ளிக்கூடக் கும்பல் உள்ளே மாட்டிக்கொண்டு, மேல் கதவைச் சரியாக மூடாமல் கீழ் வால்வைத் திறக்கப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு ஜெர்மன் தெரியாது. பலகையில் இருந்த படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். மேல் கதவு மூடியதா என்று போய் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து, கீழே இருந்த பையனுக்குச் சைகை காட்டினார். தண்ணீர் இறங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்னால் இன்னொரு குழு வந்துகொண்டிருந்தது.

"அப்பா, லிம்புர்க் வண்டிக்கு நேரமாச்சு. அங்க மாறினாத்தான் ஃபிராங்க்ஃபர்ட் போக முடியும்."

"அடுத்த வண்டி எப்பம்மா?"

"ஒரு மணி நேரம் ஆகும்."

"சரி, அதுல போலாம்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேல் கதவுப் பக்கம் போனார்.